ஆள் குட்டை... ஆனா 4 இடத்துல ஆடுவான்! கல்லூரி கால்பந்து வீரரை ஐஎஸ்எல் அணி எடுக்கலாமா?

பொள்ளாச்சி, கோவை பக்கம் எந்தக் கல்லூரி கால்பந்து அணியை எடுத்துக்கொண்டாலும் இப்படி ஒருத்தர் கண்டிப்பாக இருப்பார். உயரம் 5 அடி 4 அல்லது 5 அங்குலம். ரைட் பேக் ஆள் வரவில்லையா? அங்கே நிற்பார். மிட்ஃபீல்டில் ஆள் குறைகிறதா? அங்கே போவார். கடைசி 10 நிமிஷத்தில் கோல் வேண்டுமா? விங்கில் ஏறி ஓடுவார். அவரை விட்டுவிட்டு கோச்சால் லிஸ்ட்டே போட முடியாது.

ஆனால், அதே வீரர் ஒரு பெரிய கிளப்பின் ட்ரையல்ஸுக்குப் போனால்? பெயர், வயது, உயரம் எல்லாம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்பார்கள். பெரும்பாலும் அந்த அழைப்பு வராது.

இப்படிப்பட்ட ஒரு வீரரை ஐஎஸ்எல் அளவிலான அணி எடுக்கலாமா? எடுத்தால் எந்த இடத்தில் ஆட வைக்கணும்? அந்த வீரர் படிப்பை விட்டுவிட்டுப் போகலாமா? விரிவாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• எடுக்கலாம். இந்தியக் கிளப் கால்பந்தில் உள்ளூர் வீரர்களுக்கு அதிகம் கிடைக்கும் இடங்களே, உயரம் குறைவாகத் தேவைப்படும் இடங்கள்தான்.
• ஆனால் "எங்க விட்டாலும் ஆடுவான்" என்பதை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது. ஒரு இடத்தை முதல் நாளே முடிவு பண்ணணும்.
• வீரர் தரப்பில் இப்போதைய நிலைமைக்கு டிகிரியை முடிப்பதும் முக்கியம்.

இப்போ ஏன் இந்தக் கேள்வி?

இந்தியக் கால்பந்து இப்போது பணக் கஷ்டத்தில் இருக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், ஐஎஸ்எல் தொடரை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து தொடரை யார் நடத்துவது என்று டெண்டர் விட்டார்கள். யாருமே கேட்டு வரவில்லை.

இந்தக் குழப்பம் வீரர்களின் வீட்டுச் சமையலறை வரைக்கும் போனது. 2025 ஆகஸ்ட்டில் பெங்களூரு எஃப்சி, வீரர்கள் மற்றும் ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அதே வாரத்தில் நம்ம சென்னையின் எஃப்சியும் கிளப் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது.

கடைசியில், 14 அணிகளோடு 2026 பிப்ரவரி 14-ல் தொடர் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரியில் அறிவித்தார். மொத்தம் 91 ஆட்டங்கள். அதாவது ஒரு அணி இன்னொரு அணியோடு ஒரே ஒரு முறைதான் மோதும். ஒரு அணிக்கு 13 லீக் ஆட்டங்கள். 2024-25 சீசனில் இந்த எண்ணிக்கை 24.

இதில் ரெண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, கையில் காசு குறைந்தால் கிளப்புகள் ஆள் எண்ணிக்கையைக் குறைக்கும். அப்போது ஒரு இடத்துக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ள முடியாது. ரெண்டு மூன்று இடத்தில் ஆடுபவருக்கு மவுசு கூடும். சம்பளமும் குறைவாகக் கேட்கும் கல்லூரிப் பையன் என்றால் இன்னும் வசதி.

ரெண்டாவது விஷயம் இதற்கு நேர் எதிர். 13 ஆட்டம்தான் என்றால் எந்தக் கோச்சும் புது ஆளை இறக்கிப் பார்க்கத் தயங்குவார். ரெண்டு ஆட்டம் தோற்றாலே பட்டியலில் கீழே போய்விடலாம். ஆக, இந்த மாதிரி வீரருக்கு அணிக்குள் வரும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. மைதானத்துக்குள் இறங்கும் கதவு கொஞ்சம் மூடியிருக்கிறது.

டிராஃப்ட் என்றால் என்ன? நம்ம நாட்டில் இருக்கா?

ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே வீரர். டிராஃப்ட்டில் அப்படி இல்லை. வீரர்களின் பட்டியல் முன்னாடியே தயாராக இருக்கும். அணிகள் வரிசைப்படி, சுற்றுச் சுற்றாக ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே போகும். நம்ம முறை வருவதற்குள் வேறு அணி எடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

ஐஎஸ்எல்-லும் இந்த முறை இருந்தது. தொடர் தொடங்கிய 2014-ல் இந்திய வீரர்களுக்கு டிராஃப்ட் நடந்தது. 2015-ல் 10 முன்னணி வீரர்களுக்கு மட்டும் ஏலம், மற்றவர்களுக்கு டிராஃப்ட். பெரிய அளவில் நடந்தது 2017 ஜூலை 23-ஆம் தேதி, மும்பையில். பட்டியலில் 205 வீரர்கள். வீரர்களின் விலை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதிகபட்சமாக அனஸ் எடத்தொடிகா, யூஜின்சன் லிங்டோ இருவருக்கும் தலா 1.10 கோடி ரூபாய். நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகரை டெல்லி டைனமோஸ் எடுத்தது அந்த டிராஃப்ட்டில்தான். பிறகு ஒடிசா எஃப்சியில் 2023 சூப்பர் கப் வென்று, ஈஸ்ட் பெங்கால் போய், அந்த ஆண்டு டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக வெற்றி கோல் அடித்தாரே, அதே நந்தகுமார்.

அதற்குப் பிறகு டிராஃப்ட் இல்லை. இப்போது கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போடுகின்றன. இதனால் வந்த மாற்றம் என்னவென்றால், பட்டியல் என்று ஒன்று இருந்தவரை, அதில் பெயர் இருந்தாலே 10 அணிகளின் கண்ணிலும் படும். இப்போது ஒரு கிளப்பின் ஸ்கவுட் நேரில் வந்து பார்த்தால்தான் உண்டு. பொள்ளாச்சியில் ஒரு கல்லூரி மேட்ச்சைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்?

உயரம் உண்மையிலேயே பிரச்னையா?

சில இடங்களில் பிரச்னைதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

• கோல்கீப்பர், சென்டர் பேக்: உயரம் இல்லாமல் மேல்மட்டத்தில் தாக்குப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம். 90 நிமிஷமும் தலைக்கு மேல் பந்து வந்துகொண்டே இருக்கும்.
• கார்னர் கிக், ஃப்ரீ கிக்: எதிரணி கோச் நம்ம அணியில் யார் குட்டை என்று பார்த்து, அவர் மார்க் பண்ணும் ஆளைக் குறிவைத்தே பந்தைப் போடச் சொல்வார்.
• ஃபுல் பேக்: எதிர்ப் பக்க விங்கிலிருந்து நீளமாகத் தூக்கிப் போடும் கிராஸ், தூரத்துப் போஸ்ட்டில் குட்டையான ஃபுல் பேக்கின் தலைக்கு மேல் போய் விழும். இது பழைய தந்திரம். இன்னும் வேலை செய்கிறது.

ஆனால் மற்ற இடங்களில் குட்டையாக இருப்பது லாபம் கூட. உடலின் எடை தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் சட்டென்று திரும்பலாம். முதல் 5, 10 மீட்டர் ஓட்டத்தில் வேகம் பிடிக்கலாம். நெருக்கடியான இடத்தில் பந்தைக் காலோடு வைத்துக்கொள்ளலாம்.

உலக அளவில் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. மெஸ்ஸி 5 அடி 7 அங்குலம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மெஸ்ஸியைக் காட்டி ஒரு கல்லூரிப் பையனை எடைபோட முடியாது. அதற்குப் பொருத்தமான ஆள் பிரான்ஸின் ங்கோலோ கான்டே. சின்ன உருவம் என்பதால் இளம் வயதில் பெரிய அகாடமிகள் கண்டுகொள்ளவில்லை. கணக்கியல் படித்துக்கொண்டே கீழ்நிலை லீக்குகளில் ஆடினார். அங்கிருந்து மேலே வந்து 2015-16-ல் லெஸ்டர் சிட்டியோடு பிரீமியர் லீக், அடுத்த சீசனே செல்சியோடு மறுபடியும் பிரீமியர் லீக், 2018-ல் பிரான்ஸோடு உலகக் கோப்பை. கான்டேவின் பலம் மூச்சும், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் புத்தியும். ரெண்டையும் அளவு டேப்பில் அளக்க முடியாது.

நம்ம நாட்டில் சுனில் சேத்ரி. அவரும் 5 அடி 7 அங்குலம்தான். 2024 ஜூனில் ஓய்வு பெற்றவர், 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலத்தீவுக்கு எதிராகத் தன் 95-வது சர்வதேச கோலை அடித்தார். 40 வயதில். அதுவும் தலையால் முட்டி!

இங்கதான் முக்கியமான கணக்கு: எந்த இடம் காலி?

ஒரு குட்டையான இந்திய வீரரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் விஷயம் இது.

2021-22 சீசனிலிருந்து ஐஎஸ்எல்-ல் ஒரு அணி ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்களைத்தான் களத்தில் வைக்க முடியும் என்று விதி வந்தது. மற்ற 7 பேரும் இந்தியர்கள்.

அந்த 4 வெளிநாட்டு இடங்களை அணிகள் எங்கே செலவு செய்கின்றன? பொதுவாக அணியின் நடு முதுகெலும்பில். ஒரு சென்டர் பேக், ஒன்று அல்லது ரெண்டு மிட்ஃபீல்டர், ஒரு ஸ்ட்ரைக்கர். காசு கொடுத்து வெளியிலிருந்து கொண்டுவருகிறவரை முக்கியமான இடத்தில்தானே நிறுத்துவார்கள்? 2024-25 ஐஎஸ்எல்-ல் அதிக கோல் அடித்தவர் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் மொராக்கோ வீரர் அலாதீன் அஜராய், 23 கோல்கள். இந்தியர்களில் முதலிடம் சேத்ரிக்கு, 14 கோல்கள்.

அப்படியானால் இந்தியர்களுக்கு மிச்சம் என்ன? கோல்கீப்பர், இன்னொரு சென்டர் பேக், ரெண்டு ஃபுல் பேக், ரெண்டு விங், மிட்ஃபீல்டில் ஓடியாடும் ஒரு இடம். இதில் முதல் ரெண்டை விட்டுவிடுங்கள். மற்ற 5 இடங்களும் உயரத்தைவிட வேகம், மூச்சு, பந்துக் கட்டுப்பாடு அதிகம் கேட்கும் இடங்கள்.

அதாவது, நம்ம கல்லூரிப் பையன் எந்தெந்த இடங்களில் ஆடுவாரோ, ஐஎஸ்எல் அணிகள் இந்தியர்களைத் தேடுவதும் அதே இடங்களுக்குத்தான்.

கூடவே இன்னொன்றும் உண்டு. இப்போது ஒரு ஆட்டத்தில் 5 மாற்று வீரர்களை இறக்கலாம். பெஞ்சில் இருக்கும் ஒருவரே ரைட் பேக்குக்கும் விங்குக்கும் மிட்ஃபீல்டுக்கும் மாற்றாக இருந்தால், மற்ற பெஞ்ச் இடங்களைக் கோச் வேறு மாதிரி பயன்படுத்தலாம்.

கோவை ஏற்கெனவே காட்டிவிட்ட உதாரணம்

இதெல்லாம் பேப்பர் கணக்கு என்று நினைக்க வேண்டாம். கொங்கு மண்ணிலேயே நடந்திருக்கிறது.

பெயர் என்னவோ சென்னை சிட்டி எஃப்சி. ஆனால் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2019 மார்ச் 9-ஆம் தேதி அங்கே மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது அந்த அணி. ஆரம்பத்திலேயே கோல் வாங்கி, பின்னாடி இருந்து மீண்டு வந்த வெற்றி. மொத்தப் புள்ளிகள் 43. ரெண்டாவது இடத்தில் ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ்தான் கோச். அவரது அணியிலும் மேலே சொன்ன கணக்கு அப்படியே இருந்தது. கோல் அடிக்க ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்ஸி. அந்த சீசனில் 21 கோல்கள். அவரைச் சுற்றி ஓடி உழைத்ததில் தமிழ்நாட்டுப் பையன்கள் நிறைய பேர்.

அவர்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் இந்தக் கட்டுரைக்கு ரொம்பப் பொருத்தம். ரைட் பேக்கிலும் ஆடுவார், மிட்ஃபீல்டிலும் ஆடுவார். ஐ-லீக் பட்டம் வென்ற கையோடு 2019-ல் சென்னையின் எஃப்சி அவரை எடுத்தது. அங்கேயும் ரெண்டு இடத்திலும் பயன்படுத்தினார்கள். முதல் சீசனிலேயே அணி ஐஎஸ்எல் இறுதிப் போட்டிக்குப் போனது. ரைட் பேக் அஜித் குமார் பெங்களூரு எஃப்சிக்கும், விங்கர் ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்சி கோவாவுக்கும் 2020-ல் போனார்கள்.

இவர்களுக்கு முன்பே அதே சென்னை சிட்டி அணியிலிருந்து மேலே போனவர் கன்னியாகுமரி கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ். தாக்குதல் ஆட்டக்காரராக ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போனார். 2019-ல் ஏடிகே அணி எடுத்தது. அங்கே கோச் அன்டோனியோ ஹபாஸ் அவரை இடது விங் பேக்காக மாற்றினார். அதாவது இடது ஓரம் முழுக்க அவருடைய பொறுப்பு. தாக்கவும் போகணும், ஓடி வந்து தடுக்கவும் செய்யணும். அந்த சீசனில் ஏடிகே சாம்பியன். இறுதிப் போட்டியில் தோற்கடித்தது யாரை? எட்வின் ஆடிய சென்னையின் எஃப்சியை.

கவனிக்க வேண்டியது: இவர்கள் யாரும் நேராக ஐஎஸ்எல்-க்குப் போகவில்லை. நடுவில் ஒரு படி இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஆட வாய்ப்புக் கொடுத்த ஒரு கோவை அணி இருந்தது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணி இல்லை. கொங்குப் பகுதிப் பையன்களுக்குப் பக்கத்திலேயே இருந்த படி அது. ஐஎஸ்எல் கிளப் எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வி இன்று இவ்வளவு கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

'எங்க விட்டாலும் ஆடுவேன்ணா' - வரமா, சாபமா?

ட்ரையல்ஸில் "எந்த பொசிஷன் தம்பி?" என்று கேட்டால், வாய்ப்புக்காக ஏங்கும் பையன் சொல்லும் பதில் இதுதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

நாலு இடத்தில் ஆடுபவர், நாலு இடத்திலும் ரெண்டாவது ஆளாகவே நின்றுவிடலாம். இந்த வாரம் ரைட் பேக்குக்குக் காயம், அங்கே போ. அடுத்த வாரம் மிட்ஃபீல்டருக்குத் தடை, இங்கே வா. ரெண்டு சீசன் போன பிறகு பார்த்தால் எந்த இடத்திலும் தொடர்ச்சியாக 5 ஆட்டம் ஆடியிருக்க மாட்டார். புதிதாக வரும் கோச் லிஸ்ட்டைப் பார்த்து "இவர் யாரு, எங்க ஆடுவார்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

பல இடங்களில் ஆடியே ஜெயித்தவர் ஜெர்மனியின் ஃபிலிப் லாம். உயரம் 5 அடி 7 அங்குலம். பேயர்ன் மியூனிக் அவரை 2003-ல் ஸ்டுட்கார்ட்டுக்குக் கடனாக அனுப்பியது. அங்கே ரைட் பேக்கில் ஆள் இருந்ததால் லெஃப்ட் பேக்கில் ஆடினார். 2006 உலகக் கோப்பையின் முதல் கோலை அடித்தவர் அவர்தான், லெஃப்ட் பேக்காக. பிறகு பல வருஷம் ரைட் பேக். பெப் கார்டியோலா வந்ததும் மிட்ஃபீல்ட். 2014 உலகக் கோப்பையை மிட்ஃபீல்டில் தொடங்கி, ரைட் பேக்கில் முடித்து, கேப்டனாகக் கோப்பையை வாங்கினார்.

ஆனால் லாம் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கணும். ஒரு இடத்துக்கு மாற்றினால் அங்கே நீண்ட நாள் வைத்திருந்தார்கள். முதலில் ஃபுல் பேக் என்ற அடையாளம் உறுதியாச்சு. மற்றதெல்லாம் அதற்கு மேல் கட்டியது.

ஒரே கல்லூரி, ரெண்டு குட்டை வீரர்கள், ரெண்டு முடிவு

கல்லூரியிலிருந்து நேரடியாக வீரர்களை எடுப்பதில் அமெரிக்காதான் கில்லாடி. அங்கே ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தோடு மோதிக்கொள்ளும் ஆட்டம். என்எஃப்எல் என்ற அந்த லீக்கில் 32 அணிகள். ஆண்டுதோறும் 7 சுற்று டிராஃப்ட். எடுக்கப்படுகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே கல்லூரி வீரர்கள். உடல் மோதல் அதிகம் என்பதால் உயரமும் எடையும் அங்கே நம்ம கால்பந்தைவிடப் பல மடங்கு முக்கியம்.

அந்த ஆட்டத்திலேயே கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து ரெண்டு குட்டை வீரர்கள் போனார்கள்.

ஒருவர் டேரன் ஸ்ப்ரோல்ஸ், 5 அடி 6 அங்குலம். 2005 டிராஃப்ட்டில் 4-வது சுற்றில் சான் டியாகோ சார்ஜர்ஸ் எடுத்தது. பந்தோடு ஓடுவார், பாஸ் பிடிப்பார், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவார். 2011-ல் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் அணிக்காக இந்த எல்லா வகையிலும் சேர்த்து ஒரே சீசனில் 2,696 யார்டு எடுத்து லீக் சாதனை படைத்தார். 2019 வரை ஆடினார்.

இன்னொருவர் டியூஸ் வான், 5 அடி 5 அங்குலம். 2023-ல் 6-வது சுற்றில் டல்லாஸ் கவ்பாய்ஸ் எடுத்தது. அதே அணியில் ஸ்கவுட்டாக வேலை பார்த்த அவருடைய அப்பாவே போன் போட்டு மகனுக்குச் சொன்ன வீடியோ உலகம் முழுக்க வைரலானது. ஆனால் முதல் ரெண்டு சீசன்களில் அவருக்குக் கிடைத்த வாய்ப்பு ரொம்பக் குறைவு.

ரெண்டு பேருக்கும் உருவம், கல்லூரி, ஆடும் விதம் எல்லாம் ஒரே மாதிரி. ஸ்ப்ரோல்ஸ் பேர் வாங்கியது அவருக்கென்றே சில வேலைகளை அணிகள் ஒதுக்கியபோது. வானுக்கு அப்படி ஒரு நிலையான வேலை அமையவில்லை. இதில் திறமை வித்தியாசமும் இருக்கலாம். ஆனால் ஒரு அணி இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் உண்டு: சின்ன உருவ வீரரை எடுப்பது பாதி முடிவுதான். அவருக்கு என்ன வேலை என்பதுதான் மீதி.

வயசுக் கணக்கு: 21-க்கும் 25-க்கும் நடுவே

நம்ம ஊர் கல்லூரி வீரருக்கு உயரத்தைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அது காலண்டர்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் 25 வயது வரை ஆடலாம். அதனால் கல்லூரியில் இருக்கும்போது நிறைய நேரம் இருக்கிற மாதிரி தோன்றும். ஆனால் ஐஎஸ்எல் கிளப்புகளின் இளம் அணிகள் ஆடும் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக், 2022-ல் தொடங்கியது, அடிப்படையில் 21 வயதுக்குட்பட்டோருக்கானது. பி.ஏ. மூன்றாம் ஆண்டு முடிக்கும்போது ஒரு பையனுக்கு 20, 21 ஆகியிருக்கும். அதாவது டிகிரி கைக்கு வரும் நேரத்தில் இந்தக் கதவு மூடத் தொடங்கும்.

அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் வழிகள்: சென்னை லீக், சந்தோஷ் டிராபிக்கான மாநில அணி, ஐஎஸ்எல்-க்குக் கீழுள்ள லீக்குகளில் ஆடும் கிளப்புகள். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் பக்கத்தில் இருக்கிறது: பாலக்காடு தாண்டினால் கேரளா. 2024-ல் 6 அணிகளோடு தொடங்கிய சூப்பர் லீக் கேரளா அங்கே புதிய மேடை. மலபாரின் செவன்ஸ் கால்பந்து பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழு பேர், சின்ன மைதானம், எல்லோரும் தாக்கணும், எல்லோரும் தடுக்கணும். நம்ம வீரர் மாதிரி ஆட்களுக்கு அது நல்ல பட்டறை. ஆனால் கரடுமுரடான தரையில் காயம் பட்டால் சீசனே போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, அணி எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் சில நிபந்தனைகளோடு.

1. ட்ரையல்ஸில் உயரத்தைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் 10 மீட்டர், 30 மீட்டர் ஓட்டம். அப்புறம் யோ-யோ டெஸ்ட், அதாவது பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே 20 மீட்டர் தூரம் போய்த் திரும்பும் மூச்சுத் திறன் சோதனை. அப்புறம் ரெண்டு காலாலும் பாஸ். கடைசியாக, தன்னைவிடக் கனமான ஆளோடு தோள் மோதும்போது பந்தைக் காக்கிறாரா என்று பார்ப்பது.

2. ஒரு முதல் இடம், ஒரு ரெண்டாவது இடம். அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான குட்டை வீரர்களுக்கு ஃபுல் பேக் அல்லது விங் முதல் இடமாகவும், மிட்ஃபீல்ட் ரெண்டாவது இடமாகவும் இருப்பது பொருத்தம். முதல் வருஷம் பயிற்சி முழுக்க அந்த முதல் இடத்துக்குத்தான்.

3. பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். 13 ஆட்ட சீசனில் இடம் இல்லையென்றால் கீழ்நிலை லீக் அணிக்குக் கடனாக அனுப்புங்கள். எட்வினும் சூசைராஜும் வளர்ந்தது ஆடி ஆடித்தான்.

4. செட் பீஸுக்குத் தனித் திட்டம். கார்னர் வந்தால் அவரை எதிரணியின் உயரமான ஆளோடு நிறுத்தாமல், பாக்ஸுக்கு வெளியே சிதறி வரும் பந்துக்கோ, கவுன்டர் அட்டாக்குக்கோ வைக்கலாம். பலவீனம் தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

அணிக்கு இதில் நஷ்டம் குறைவு. இளம் வீரர் என்பதால் சம்பளம் பெரிதாக இருக்காது. சரியாக அமைந்தால் பல வருஷத்துக்கு ஒரு ஃபுல் பேக் கிடைப்பார். சரியாக வரவில்லையென்றால் ஒரு ஒப்பந்தம் முடிந்துபோகும்.

வீரர் தரப்பில் பார்த்தால்?

இங்கே கணக்கு தலைகீழ். கிளப்புக்கு அது ஒரு ஒப்பந்தம். பையனுக்கு அது 19 முதல் 22 வயது வரையிலான வாழ்க்கை.

கிளப் கூப்பிட்டால் போகணும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் போவதற்கு முன் சில விஷயங்களை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது.

• ஒப்பந்தம் எத்தனை வருஷம்? சம்பளம் எந்தத் தேதியில்? தொடர் நின்றுபோனால் என்ன ஆகும்? 2025-ல் நடந்ததைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.
• காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? சூசைராஜுக்கே 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்தில் பட்ட காயம் நீண்ட காலம் வெளியே உட்கார வைத்தது. பெரிய கிளப் என்பதால் சமாளிக்க முடிந்தது.
• டிகிரி பாதியில் நிற்கிறதா? பல்கலைக்கழகத் தேர்வை எழுத கிளப் அனுமதிக்குமா, தொலைநிலைக் கல்விக்கு மாறலாமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
• வேலை வாய்ப்பு: தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. ரயில்வே, வருமான வரித் துறை, வங்கிகள் காலம்காலமாகக் கால்பந்து வீரர்களை வேலைக்கு எடுத்துவந்தவை. இதற்கெல்லாம் சான்றிதழும் படிப்பும் தேவை. கிளப்பில் பெஞ்சில் இருந்த ரெண்டு வருஷத்துக்குச் சான்றிதழ் மதிப்பு குறைவு. பல்கலைக்கழக அணி, மாநில அணிக்கு ஆடியதற்கு மதிப்பு அதிகம்.

கடைசி வரி ரொம்ப முக்கியம். கிளப் கூப்பிட்டதும் பல்கலைக்கழக அணியை, மாநில அணியை உதறிவிட்டுப் போகிற பையன்கள் பிறகு ரெண்டும் இல்லாமல் நிற்கும் நிலை வரக் கூடாது.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

ஐஎஸ்எல்-லை நீண்ட காலத்துக்கு யார் நடத்தப் போகிறார்கள், ஆட்ட எண்ணிக்கை மறுபடியும் கூடுமா என்பதைப் பொறுத்துத்தான் கிளப்புகள் புது ஆட்களை எடுக்கும் துணிச்சல் இருக்கும். அதைவிட நம்ம பக்கத்துக்கு முக்கியமானது, கோவையில் மறுபடியும் தேசிய லீக்கில் ஆடும் ஒரு அணி வருமா என்பது. நேரு ஸ்டேடியம் அங்கேயேதான் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அதுவரைக்கும், ட்ரையல்ஸில் "எந்த பொசிஷன் தம்பி?" என்று கேட்டால், "எங்க விட்டாலும் ஆடுவேன்ணா" என்று சொல்லாதீர்கள். "ரைட் பேக்ங்ணா. தேவைப்பட்டா மிட்ஃபீல்டும் ஆடுவேன்" என்று சொல்லுங்கள். கேட்கிறவர் உங்கள் உயரத்தை எழுதுவதற்கு முன்னாடி அந்தப் பதிலை எழுதிக்கொள்வார்.